தண்ணீர்தான் முதலில் நின்றது

என் மகளின் வலது கை ஆள்காட்டி விரல் இப்போது முழுதாக மடங்காது. பேனாவைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து எழுதுகிறாள். கேரம் ஆடும்போது நடுவிரலால்தான் சுண்டுகிறாள். யாராவது கவனித்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு கதை இருந்தது. கேட்கிறவர்கள் ஆரம்பத்தில் "ஐயோ" என்பார்கள், முடிவில் சிரித்துவிடுவார்கள். ஐந்து மாதம் அந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஹைதராபாத் கொண்டாப்பூரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றை நடத்துகிறேன். நான்கு மாடிக் கட்டிடம். தரைத்தளத்தில் கணவர், மகள், நான் மூவரும் இருக்கிறோம். அதற்கு முன் பதினோரு வருடம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தேன். மின்சாரத்தில் விளையாடக் கூடாது என்று பிள்ளைகளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

மொட்டை மாடியில் ஒரு ஹீட் பம்ப் இருக்கிறது. நம் வீட்டு ஏ.சி. அறையிலிருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது அல்லவா, அதைத் திருப்பி வைத்ததுபோல. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். பீரோ அளவு பெட்டி. அதன் சுவர்கள்தான் காயில். செம்புக் குழாய்களின்மேல் காகிதம்போல மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். மேலே இருக்கும் பெரிய ஃபேன் அந்த இடுக்குகள் வழியாகக் காற்றை உறிஞ்சி வானத்தைப் பார்த்து ஊதித் தள்ளும். இடுக்குகள் அடைத்துக்கொண்டால் காற்று போகாது. குளிர்காலக் காலைகளில் காயிலின்மேல் பனி பிடித்துவிடும். அப்புறம் நான்கு மாடிப் பெண்களும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்துவிட்டு என்னை வைதுகொண்டே ஆபீஸுக்குப் போவார்கள்.

எங்கள் காயிலை அடைப்பது தூசி மட்டுமல்ல. சுற்றிலும் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகளின் சிமென்ட் பொடி பாதி. மீதிப் பாதி எங்கள் பெண்களின் தலைமுடியும், கொடியில் காயும் துப்பட்டாக்களின் நூலும். மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் சப்பாத்தி மாவு உருண்டை அளவுக்கு ஒரு பந்து வரும்.

சுத்தம் செய்ய எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அதைப் பழுதுபார்க்க வரும் மெக்கானிக்தான். ஐம்பது வயதுக்காரர், எப்போதும் வெற்றிலை வாய். "மேடம், ப்ரஷ் ஊபர் ஸே நீச்சே. ஆடா நக்கோ!" என்பார். மேலிருந்து கீழே மட்டும்தான் தேய்க்க வேண்டும், குறுக்கே இழுத்தால் தகடு மடங்கிவிடும். அப்புறம் சோப்பு நுரையைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, உள்ளேயிருந்து வெளியே தண்ணீர் அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். அதற்காக ஃபேனுக்கு மேலிருக்கும் கம்பி வலையைக் கழற்றி, இறக்கைகளுக்கு நடுவே ஹோஸ் பைப்பை விட வேண்டும். கையையும்தான்.

இரண்டு வருடம் இந்த வேலையைத் தனியாகவே செய்தேன். முதலில் படிக்கட்டு அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைப்பேன். பக்கத்திலேயே ஹோஸுக்குப் போகும் தண்ணீர் வால்வு. அதைத் திறந்துவிட்டு வந்து கழுவுவேன். முடிந்ததும் திரும்பிப் போய் இடது கையால் வால்வை மூடி, வலது கையால் சுவிட்சைப் போடுவேன். அடுப்பை அணைத்ததும் சிலிண்டரைத் திருகுகிற மாதிரி இரண்டும் ஒன்றாக வந்து பழகிவிட்டது. நான் படிக்கட்டு அறையில் நின்றால் மெஷினுக்குள் யார் கையும் இருக்காது. இருந்தது ஒரே கை, அது என்னுடையது.

மூன்றாவது குளிர்காலத்தில் எனக்குத் தோள்வலி வந்தது. பட்டப்படிப்புக் கடைசி வருடத்தில் இருந்த மகள், "நா கழுவறேன், நீ வால்வப் பாத்துக்கோ" என்றாள். அது முதல் வேலை எங்கள் இருவருக்கும் இடையில் பிரிந்தது. என் பழக்கம் மட்டும் பிரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மாதிரி மெஷினில் சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றாது. உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் கார்டு கொஞ்ச நேரம் காத்திருந்துதான் ஓட்டும். எங்கள் கார்டு மழைக்காலத்திலேயே கருகிவிட்டது. புதியது வரும்வரை என்று மெக்கானிக் ஃபேனுக்கு நேராக லைன் கொடுத்தார். அன்றிலிருந்து சுவிட்சைப் போட்டவுடனே ஃபேன் சுற்றியது. போகும்போதெல்லாம், "கார்ட் லகானா மேடம், பூல்னா நக்கோ" என்று, கார்டு போட மறக்க வேண்டாம் என நினைவுபடுத்தினார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அவசரம் தெரியவில்லை.

மற்ற எல்லாவற்றிலும் எனக்கு அவசரம் தெரியும். மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கிக்கொடுக்கவில்லை, பயம். பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டாதே என்று இருபது வயதுப் பெண்ணிடம் சொல்கிற அம்மா நான். கல்லூரி போய்ச் சேர்ந்தாயா என்று மூன்று முறை போன் செய்வேன். "அம்மா, நா மெட்ரோலயே இருக்கேன், மெட்ரோ கடத்திட்டுப் போவாதா?" என்பாள்.

அவள் தமிழில் முழுதாகப் பேசியது இதுபோன்ற கிண்டல்களுக்குத்தான். கணவரின் குடும்பம் மாரெட்பள்ளியில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. அங்கே எல்லாரும் தமிழைத் தெலுங்கிலும், தக்கனி என்கிற இந்த ஊர் உருதுவிலும் ஊறவைத்துத்தான் பேசுவார்கள். நான் வேலூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். நான் தமிழில் கேட்பேன், மகள் தெலுங்கில் பதில் சொல்வாள், அப்பாவிடம் இந்தி. குறிப்பாக ஒரு வார்த்தை என்னை எரிச்சல்படுத்தும். தட்டில் சோறு போடும்போது கையைக் குறுக்கே நீட்டி, "சாலு" என்பாள். தெலுங்கில் போதும் என்று அர்த்தம்.

"போதும்னு சொல்லேன்டி."

"சாலுன்னா உனக்குப் புரியலயா?"

"புரியுது. ஆனா போதும்னு சொல்லு."

"சாலு, சாலு, சாலு" என்று சிரிப்பாள்.

அன்று டிசம்பர் மாதத்துப் பகல், பதினோரு மணி இருக்கும். பெண்கள் பெரும்பாலும் ஆபீஸ் போயிருந்தார்கள். மூன்றாம் மாடியில் இரவு வேலை முடித்து வந்த ஒருத்தி மட்டும் இரண்டு முறை போன் செய்துவிட்டாள். "ஆன்ட்டி, ஹாட் வாட்டர் கப் ஆதா?" இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்றேன். மகள் முக்காலியின்மேல் ஏறி நின்று கழுவிக்கொண்டிருந்தாள். படிக்கட்டு அறையிலிருந்து பார்த்தால் மெஷின் தெரியாது, தண்ணீர்த் தொட்டி மறைக்கும். அவள் குரல் மட்டும் வரும். மூன்றாவது முறையாக போன் அடித்தது. எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டு, "ஐந்தே நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது தொட்டிக்கு அந்தப் பக்கமிருந்து மகள் கூப்பிட்டாள்.

"சாலு!"

அடுத்து நான் கேட்டது ஃபேன் எதிலோ தட்டுகிற சத்தம். சின்னச் சத்தம்தான். பிறகு அவள் குரல். அந்தக் குரலை எழுத எனக்கு வராது.

அலுமினியத் தகட்டில் பிடித்திருந்த கடைசி முடிப் பந்தை எடுக்க அவள் இறக்கைகளுக்கு நடுவே கையை விட்டிருந்தாள்.

துண்டைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் போனோம். அவள் கை என் மடியில் இருந்தது. துண்டு வெள்ளைத் துண்டு. அவள் அழவில்லை. நான் அவளிடம் சொன்ன முதல் வார்த்தைகளை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன்.

"போதும்னு சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா? எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

அவள் கண்ணை மூடிக்கொண்டு, "சாரிம்மா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். அப்போதுதான் கதை முழுதாக உருவானது. தெலுங்கில் சாலு என்றால் போதும். இங்கே ஊர் இந்தியில் சாலூ என்றால் மெஷின் ஓடுகிறது, ஓட்டு என்று அர்த்தம். அவள் தண்ணீர் போதும் என்று சாலு சொன்னாள், நான் மெஷினை ஓட்டு என்று சாலூவாகக் கேட்டுவிட்டேன். டாக்டர் முகமூடிக்குள் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். "பக்கா ஹைதராபாத் ப்ராப்ளம் ஆன்ட்டி" என்றார். கட்டிலில் படுத்திருந்த மகள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வலியால் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

தசைநாரைச் சேர்த்துத் தைத்தார்கள். விரல் பிழைத்தது, மடங்குவது மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. கடைசித் தேர்வுகளை அவள் சொல்லச் சொல்ல வேறொரு மாணவி எழுதினாள்.

கதை எங்களுக்கு முன்னாலேயே மாரெட்பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. என் ஓரகத்தி, மகளுக்குப் பெரியம்மா, பார்க்க வந்தபோதே ஆரம்பித்துவிட்டாள். "ஏன்டி, உங்கம்மாவுக்கு தெலுங்கும் வராது, உருதும் வராது, சுவிட்ச் மட்டும் நல்லா வரும்!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அது என் தவறு இல்லை, இந்த ஊர் மொழியின் தவறு என்று எல்லாரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

மகள் அதன் பிறகு சாலு என்று சொல்லவே இல்லை. சோறு போடும்போது கையைக் குறுக்கே நீட்ட மாட்டாள். "போதும்" என்பாள். நல்ல தமிழில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்கும்படி. காபி போதும். ரசம் போதும். லைட்டை அணை, போதும். இத்தனை வருடமாக நான் சொல்லச் சொன்ன வார்த்தை. அதைக் கேட்கும்போதெல்லாம் கரண்டி என் கையில் கனத்தது.

மே மாதத்தில் கார்டு மாற்ற மெக்கானிக் வந்தார். படிக்கட்டு அறையில் மெயின் சுவிட்சைக் கழற்றி, பூட்டுப் போடுகிற மாதிரிப் புதியதை வைத்தார். நான் பக்கத்தில் நின்று அவரிடமும் கதையைச் சொன்னேன். ஏற்கெனவே கேட்டிருந்தார் போல. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும் ஸ்க்ரூ டிரைவரால் வால்வைத் தட்டிக்காட்டினார்.

"ஸப் டீக் ஹை மேடம். லேகின் பானி கோன் பந்த் கரே?"

தண்ணீரை யார் மூடியது என்று கேட்கிறார். மெஷினை ஓட்டு என்று மட்டும் எனக்குக் கேட்டிருந்தால் தண்ணீரை மூடக் காரணமே இல்லை. விபத்து நடந்த அன்று மாலையே அவர் மெஷினைப் பார்க்க வந்திருந்தார். வால்வு இறுக்கி மூடியிருந்தது அவருக்கு நினைவில் இருந்தது.

"நான்தான்… அப்புறமா மூடினேன்" என்றேன்.

"ஹவ்" என்றார். அவ்வளவுதான். ஆம் என்பதற்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அதன் பிறகு என்னைப் பார்க்காமல் திருகாணிகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

மகள் அலறியபோது நான் ஓடினேன். சுவிட்சை அடித்து அணைத்துவிட்டு ஓடினேன். அப்போது நின்று நிதானமாக வால்வைத் திருகியவள் இல்லை நான். வால்வு ஏற்கெனவே மூடியிருந்தது. அவள் சாலு என்று கூப்பிட்டதும், போதும் என்று சரியாகப் புரிந்துகொண்டு, இடது கையால் தண்ணீரை மூடினேன். வலது கை தானாகவே சுவிட்சுக்குப் போனது. காது பிசகவே இல்லை. தெலுங்கு, உருது, தமிழ் எதுவுமே குழம்பவில்லை. மூன்றாம் மாடிக்காரியிடம் ஐந்து நிமிடம் என்று சொல்லிக்கொண்டே, பழக்கத்தில், என் மகளின் கை உள்ளே இருக்கும்போது மெஷினை ஓட்டினேன். இதை நான் மறந்துபோயிருந்தேன் என்று சொன்னால் அது இன்னொரு கதை. மறக்கவில்லை. இடது உள்ளங்கையில் அந்த வால்வுப் பிடியின் ஈரம் ஐந்து மாதமும் இருந்தது.

கீழே வந்தேன். மகள் கூடத்தில் தனியாகக் கேரம் பலகையில் நடுவிரலால் சுண்டிப் பழகிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நீ சாலுன்னு சொன்னது எனக்கு சரியாத்தான் கேட்டுச்சு" என்றேன்.

அவள் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"தண்ணிதாம்மா ஃபர்ஸ்ட் நின்னுச்சு. பைப்ல தண்ணி நின்னுடுச்சு, ஓகே, அம்மாக்கு கேட்டுடுச்சுன்னு கைய உள்ள வுட்டேன். அப்புறம்தான் ஃபேன்."

இதை அவள் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். நான் சரியாகக் கேட்டுவிட்டேன் என்று நம்பித்தான் கையை விட்டிருக்கிறாள். என் காதை நம்பியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை அப்போது எனக்கு முழுதாகப் புரிந்தது.

"ஏன்டி சொல்லல?"

"நீ டாக்டர்கிட்ட சொல்லிட்ட. அப்பாகிட்ட சொல்லிட்ட. பெரியம்மா சிரிச்சாச்சு. நா என்ன, எங்கம்மா பொய் சொல்றாங்கன்னு போர்டு மாட்டவா?" ஒரு வெள்ளைக் காயை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். "நீயே சொல்வேன்னு வெயிட் பண்ணேன். ரொம்ப வெயிட் பண்ண வச்சிட்டம்மா."

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். எனக்கே அது மெல்லியதாகக் கேட்டது. அவள் ஒரு காயை நடுவிரலால் சுண்டினாள்.

"ஆட்டோல நான் சாரி சொன்னேன்ல?"

"ம்."

"அத வாபஸ் குடு."

"எப்படிடி குடுக்கறது?"

"எனக்கு என்ன தெரியும்? எங்கெல்லாம் அந்தக் கதைய சொன்னியோ அங்கெல்லாம் போய் குடு. பெரியம்மா வீட்லருந்து ஸ்டார்ட் பண்ணு."

அன்று மாலை எங்கோ படித்த ஞாபகத்தில் அகராதியை எடுத்துப் பார்த்தேன். பழைய தமிழில் சாலும் என்றால் போதுமானது என்று பொருள். நான் அவளை எந்த வார்த்தைக்காக இத்தனை வருடம் திருத்தினேனோ, கொழுக்கட்டை என்று எதைப் பழித்தேனோ, அது என் மொழியிலேயே இருந்திருக்கிறது. இதை அவளிடம் சொல்லலாம் என்று அறை வரைக்கும் போனேன். இதையும் ஒரு சுவாரசியமான கதையாக மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாரெட்பள்ளியில் சாப்பாடு. கணவர், அவருடைய அண்ணன், ஓரகத்தி, நாங்கள் இருவர். ஓரகத்தி சாம்பார்க் கரண்டியோடு மகள் பக்கம் வந்தாள்.

"சாலுவா, சாலூவா? தெளிவா சொல்லிடும்மா. இல்லன்னா உங்கம்மா எழுந்து போய் மிக்சியப் போட்டுடுவா!"

சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. "போதும் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் சொன்னேன். நீளமாகச் சொல்லவில்லை. எனக்குச் சரியாகத்தான் கேட்டது, தண்ணீரை நான் மூடினேன், மூடிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன், அவள்மேல் தப்பே இல்லை, நான் பொய் சொன்னேன் என்றேன். கார்டை மாற்றாமல் தள்ளிப்போட்டதையும் சொன்னேன். ஆட்டோவில் அவளைத் திட்டியதையும், அதற்கு அவள் சாரி சொன்னதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று வந்துகொண்டிருந்தது. ஓரகத்தி கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அதிலிருந்து சாம்பார் அவள் புடவையில் சொட்டியது.

"இப்ப கைக்கு இந்தப் பேச்சு, சாப்பிடற நேரத்துல?" என்றாள் கடைசியில். ஏன் என்பதற்கு அவள் எப்போதும் கைக்கு என்றுதான் சொல்வாள். குரலில் கிண்டல் இல்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் மகளின் விரலைப் பார்த்தாள்.

கணவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தியிருந்தார். "என்கிட்டகூடவா?" என்று மட்டும் கேட்டார். நான் அவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். டாக்டரிடம் சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல முடியவில்லை என்று ஏதோ ஆரம்பித்தேன். அப்போது மகள் வலது கையைத் தட்டுக்குக் குறுக்கே நீட்டினாள். நான்கு விரல்கள் கொஞ்சம் வளைந்திருந்தன, ஒன்று நேராக இருந்தது.

"சாலும்மா" என்றாள்.

அவள் தட்டில் யாரும் எதையும் போட்டுக்கொண்டிருக்கவில்லை. நான் பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டேன். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.